குடையில் கிழிசல் இருந்ததா?

மாமனார் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதைச் சுற்றி அவருடைய ராஜாங்கம். வலது பக்க ஸ்டூலில் செய்தித்தாள், மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில். இடது பக்கம் ரேடியோ, மாத்திரை டப்பா, சீப்பு. கையை நீட்டினால் எல்லாம் வந்தது. காலை நீட்ட வேண்டிய அவசியமே அந்த வீட்டில் அவருக்கு இல்லை.

மகன் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ரகம். அப்பா இருமினால் வெந்நீர், கொட்டாவி விட்டால் தலையணை. மருமகள் வேறு ரகம். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சி வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவன் கொஞ்சம் பராக்குப் பார்த்தால் போதும், சொல்லாமல் கொள்ளாமல் மிதித்துவிடுவாள். "சொல்லிட்டு மிதிச்சா அவன் எப்படிக் கத்துக்குவான்?" என்பாள். பலபேர் அவளிடம் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள் என்பதால் அந்தக் கொள்கையில் ஓட்டை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மாமனாருக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து புது மூட்டு வைப்பதாக முடிவாகி, வரிசையில் பெயரும் ஏறியாகிவிட்டது. அன்றைக்கு உட்கார்ந்தவர்தான்.

"புது டயர் வரப்போகுது. அதுவரைக்கும் பழைய டயரை எதுக்கு ஓட்டித் தேய்க்கணும்?" என்றார்.

"ஓட்டாம நிறுத்தி வெச்ச வண்டியில பேட்டரி செத்துடும் மாமா."

"பேட்டரியெல்லாம் ஜோரா இருக்கு. நீ போய் உன் பசங்களுக்கு ரிவர்ஸ் சொல்லிக் குடு."

பேட்டரி எந்த லட்சணத்தில் இருந்தது என்பது மருத்துவமனையில் தெரிந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா அவரை ஒரு நீல ரெக்ஸின் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார். அவ்வளவுதான் பரீட்சை. மாமனார் பல்லைக் கடித்தார், முகம் சிவந்தது, பாதி எழுந்தார், தொப்பென்று உட்கார்ந்தார். மறுபடி முயன்றார். இந்த முறை பாதிகூட வரவில்லை.

டாக்டரம்மா நயமாகத்தான் சொன்னார். "ஐயா, மூட்டை மாத்துறது பெரிய வேலையில்ல. அதைத் தாங்குற உடம்பு வேணும். இப்போ மயக்கம் குடுத்தா நீங்க எழுந்து நடப்பீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. மூணு மாசம் தர்றேன். இதே நாற்காலி, இதே மாதிரி கைகட்டு. எழுந்து காட்டுங்க, தேதி குறிக்கிறேன். இல்லைன்னா வலி மாத்திரையோடதான் காலம் தள்ளணும்."

வீடு திரும்பும் வழியில் பஸ் ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது. மாமனார் அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். காலில் வலி வந்தபிறகு படியேற முடியாமல் பஸ் ஏறியே வெகுநாளாகிவிட்டது. புது மூட்டு கிடைத்ததும் முதல் பஸ் பிடித்து ஊரை ஒரு சுற்று சுற்றுவேன் என்பது அவருக்கு இருந்த ஒரே ஆசை.

டிப்போவில் அவர் டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை. பயணிகள் விட்டுவிட்டுப் போன பொருட்களைப் பாதுகாத்து, தேடி வருகிறவர்களிடம் ஒப்படைக்கிற கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர். அதிலும் குடைதான் அதிகம் வரும். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே குடைக்காரர். வந்து கேட்கிறவன் நிஜ உடைமைக்காரனா, மழைக்கு ஓசிக் குடை தேடுகிறவனா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு சூத்திரம் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் ஆயிரம் தடவை சொன்னதுதான்.

"முதல்ல எல்லாம் சரியா கேட்பேன். கறுப்புக் குடையா? ஆமா. மரக் கைப்பிடியா? ஆமா. கடைசியா, 'ஓரத்துல ஒரு கிழிசல் இருக்குமே?'ம்பேன். கிழிசலே இருக்காது! சொந்தக்காரன் பதறிப் போய், 'கிழிசலா? என் குடையிலயா? இல்லவே இல்லை'ம்பான். திருட்டுப்பய, 'ஆமாமா, கிழிசல் இருந்துச்சு'ம்பான். எல்லாத்துக்கும் ஆமா போடுறவனை நம்பவே கூடாது."

இத்தனை காலம் ஊர் தொலைத்ததையெல்லாம் காத்துக் கொடுத்த மனுஷனுக்கு, தன் பொருள் ஒரு ஊசிகூடத் தொலைந்ததில்லை என்பதில் ஏகப்பட்ட பெருமை. மருமகள் கார் சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாகப் புரட்டும் காலைகளில் அந்தப் பெருமை இரண்டு மடங்காகும்.

இப்படி அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் தளர்ந்த வயதானவர்களைத் தேற்றுவதற்கென்றே அந்த மருத்துவமனையில் ஒரு பிசியோதெரபிப் பெண் இருந்தாள். வீட்டுக்கு வந்தாள், நாற்காலியையும் சுற்றியிருந்த ராஜாங்கத்தையும் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"இவர் எழுந்திருக்க இந்த வீட்டுல ஒரு காரணமும் இல்லையே!"

பிறகு மருமகளைச் சமையலறைக்குள் கூட்டிப்போய் விவரமாகச் சொன்னாள். முட்டை, பால், பருப்பு என்று சதை போடுகிற சாப்பாடு வேண்டும். உட்கார்ந்து எழுகிற பயிற்சி தினமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் முழுக்க அடிக்கடி நடக்க வேண்டும். மூட்டு வலித்தாலும் நடையால் அது கெட்டுப்போகாது, நடக்காவிட்டால்தான் சதை கரையும். "பொருளையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தூரத்துல வைங்க. ஆனா அவர்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க. அது முக்கியம்."

மருமகள் தலையாட்டினாள். சொல்லவும் பார்த்தாள்.

"மாமா, ரேடியோவை உங்க ரூம் அலமாரியில வைக்கவா?"

"ஏன், என் காலை ஒடிச்சு அடுப்புல வையேன்."

சம்மதம் கேட்கும் படலம் அத்துடன் முடிந்தது. மறுநாள் அவர் குளிக்கப் போன நேரம், சொல்லாமல் கொள்ளாமல் பிரேக்கை மிதித்துவிட்டாள். ஸ்டூலில் இருந்த செய்தித்தாள் சாப்பாட்டு மேஜைக்குப் போனது.

குளித்து வந்தவர் ஸ்டூலைப் பார்த்தார். அடியில் குனிந்து பார்த்தார். மகன் வேலைக்குப் போயிருந்தான், மருமகள் சமையலறையில் மும்முரமாக எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். முணுமுணுத்துக்கொண்டே கைத்தடியை ஊன்றி மேஜைவரை நடந்து போனார். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்த மருமகளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்து மூக்குக்கண்ணாடி சமையலறை ஜன்னலுக்கு நகர்ந்தது. ரேடியோ அவர் அறை அலமாரிக்கும், அது பழகியதும் துணி காயப்போடும் பால்கனிக்கும் போனது. சீப்பு வாரம் ஒரு விலாசம் மாறியது. கண்டபடி செய்யவில்லை அவள், அதையும் சொல்ல வேண்டும். வழியில் கிடந்த மிதியடியைச் சுருட்டிப் பரணில் போட்டாள். மாத்திரை டப்பாவை நகர்த்தவில்லை. கைத்தடியை மட்டும் விரலால்கூடத் தொடவில்லை. அதைத் தேடப் போய் மனுஷன் விழுந்து வைத்தால்?

கணவனுக்குத்தான் தாங்கவில்லை. "பாவம், அப்பா. சொல்லிட்டாவது செய்யேன்."

"சொன்னா உட்கார்ந்துக்குவார். நீங்களும் ஓடிப் போய் எடுத்துக் குடுப்பீங்க. வாயைத் திறந்தீங்க, உங்க பர்ஸும் பால்கனிக்குப் போகும்."

அவன் வாயைத் திறக்கவில்லை. பிசியோதெரபிப் பெண் வாராவாரம் போன் செய்து, "எப்படி நடக்கிறார்? பொருளை நகர்த்துறதை அவர்கிட்ட சொல்லிட்டீங்க இல்ல?" என்று கேட்பாள். மருமகள் ஒரு "ம்" போடுவாள். அந்த "ம்" ஆமாமா இல்லையா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பலன் கண்ணெதிரே தெரிந்தது. மாமனாரின் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆனது. நடையில் இழுவை இருந்தாலும் தள்ளாட்டம் குறைந்தது. எல்லாவற்றையும்விட ஆச்சரியம், யாரும் சொல்லாமலே காலையில் எழுந்து உட்கார்ந்து எழுகிற பயிற்சியைச் செய்தார். கொடுத்த முட்டையைப் பேச்சில்லாமல் தின்றார். முன்பெல்லாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர், இப்போது அவள் எது சொன்னாலும், "சரிம்மா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். சத்தான சாப்பாடு குணத்தையும் மாற்றும் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மறுநாள் சீப்பு சட்டைப் பையில் ஏறியது. அதற்கடுத்து பேனாவும் கைக்குட்டையும். நடந்தால் ஏதோ கடை ஒன்று நடந்து வருவதுபோல இருந்தது. கிழவர் உஷாராகிவிட்டார் என்று மருமகள் சிரித்தாள். குளியலறைக்குள் அவர் மெல்ல முனகுவது கேட்டது. காதை வைத்துக் கேட்டால், பழைய பஸ் எண்களையும் அவை போகும் நிறுத்தங்களையும் வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். பஸ் ஆசை பொங்கிவிட்டது என்று அதற்கும் சிரித்தாள். சாப்பாட்டு மேஜையில் குடைக்கதை நின்றுபோனதை மட்டும் அவள் கவனிக்கவில்லை. ஆயிரம் தடவை கேட்ட கதை நின்றால் யார் கவனிப்பார்கள்?

ஒரு சாயங்காலம் சம்பந்தமில்லாமல் சொன்னார். "நீ இந்த வீட்டுக்கு வந்தது என் பிள்ளையோட அதிர்ஷ்டம்மா. அவனைப் பார்த்துக்கோ."

"நான் எங்க போகப் போறேன் மாமா?"

"நீ போகமாட்டே" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மூன்று மாதம் முடிந்தது. கணவனுக்கு விடுப்பு கிடைக்காததால் மருமகளே காரில் அழைத்துப் போனாள். அதே அறை, அதே டாக்டரம்மா, அதே நீல நாற்காலி. பிசியோதெரபிப் பெண்ணும் சுவரோரம் வந்து நின்றுகொண்டாள். மருமகள் கார் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் இறுகக் கோத்துக்கொண்டாள். தன் மாணவர்கள் லைசென்ஸ் பரீட்சைக்குப் போன எந்த நாளிலும் அவளுக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

மாமனார் கையை மார்பில் கட்டினார். எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். டாக்டரம்மா எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். "போதும் ஐயா, போதும். நாற்காலிக்கு வலிக்கப் போகுது. தேதி குறிச்சிடலாமா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மருமகள் மூச்சு விட்ட அதே நொடியில் மாமனார் சொன்னார். "வேண்டாம் டாக்டரம்மா. என் இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அவர் கைத்தடியின் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகப் பேசினார். "உடம்பு தேறிடுச்சு. புத்திதான் போயிடுச்சு. வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கறதில்லை. ரேடியோவைப் பால்கனியில கொண்டுபோய் வெச்சிருக்கேன், வெச்ச ஞாபகம் துளிகூட இல்லை. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. கடைசியில வீட்டுக்கு வழி தெரியாம அலைஞ்சார். காலாவது தேறட்டும், கூட இருக்கறவங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னதெல்லாம் செஞ்சேன். வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. இப்போ புது மூட்டு போட்டு நான் எங்க போகப் போறேன்? வழி மறக்கறவனுக்குப் புதுக் கால் குடுத்தா, எங்கயாவது போயிடுவான். என் மருமக பாவம், எந்தத் தெருவுலன்னு என்னைத் தேடுவா?"

மருமகளுக்குக் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது. கழுத்து நூல், சட்டைப் பை, குளியலறை ஒப்பிப்பு, 'அவனைப் பார்த்துக்கோ', எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முகத்தில் அறைந்தன. தினம் தினம் இந்த மனுஷன் பயந்து செத்திருக்கிறார், அவள் பாத்திரம் கழுவுவதுபோல் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

"மாமா, அது நான்" என்றாள். "எல்லாம் நான்தான் நகர்த்தினேன். உங்களை நடக்க வைக்க. உங்க புத்திக்கு ஒண்ணும் ஆகலை மாமா."

பிசியோதெரபிப் பெண் அவளை முறைத்தாள். "சொல்லிட்டேன்னு சொன்னீங்களே!"

"ம்னு சொன்னேன்."

மாமனார் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ நல்ல பொண்ணும்மா. எனக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்காதே."

"சத்தியமா நான்தான் மாமா!"

"ஆறுதலுக்குச் சொல்றே. எனக்குப் புரியாதா?"

சொல்ல வேண்டிய நாளில் உண்மையைச் சொல்லாதவள், இன்று உண்மையைச் சொல்லி நம்பவைக்க முடியாமல் அழுதாள். டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமனார் முதுகை நிமிர்த்தி, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் பார்த்திராத ஒரு முகம் அவருக்கு வந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முகம் அது.

"செய்தித்தாள் எங்க போச்சு?"

"சாப்பாட்டு மேஜை. மழை பெய்ஞ்ச அன்னைக்கு மட்டும் செருப்பு அலமாரி மேல வெச்சேன்."

"ரேடியோ?"

"முதல்ல உங்க ரூம் அலமாரி. அப்புறம் பால்கனி, துணிக்கூடைக்குப் பக்கத்துல."

"கண்ணாடி?"

"சமையலறை ஜன்னல். நீங்க கழுத்துல கட்டிக்கிட்டதும் என்னால முடியலை."

டாக்டரம்மா சிரிப்பை இருமலாக்கினார். மாமனார் சிரிக்கவில்லை. "சரி. போன வாரம் கைத்தடியைக் காணோம்னு தேடினேன். குளியலறைக் கதவுக்குப் பின்னாடி இருந்துச்சு. அதுவும் நீதானே?"

கைத்தடியை மருமகள் தொட்டதே இல்லை. அப்படியானால் கதவுக்குப் பின்னால் வைத்தது அவரேதான், வைத்ததை மறந்தும்விட்டார். அவர் பயந்தது உண்மையாகிவிடும். ஒரே ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும், தேதி கிடைக்கும், பஸ் கிடைக்கும், இந்தக் கிழவர் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார். அந்த 'ஆமாம்' உதடுவரை வந்துவிட்டது. இவரிடம் இன்னொரு பொய்யா என்று அதை விழுங்கினாள்.

"இல்லை மாமா" என்றாள். "கைத்தடியை நான் தொட்டதே இல்லை. அது நான் இல்லை."

மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டார். மூன்று மாதமாக உள்ளே பூட்டி வைத்திருந்த மூச்சு.

"டாக்டரம்மா, தேதியைக் குறிங்க" என்றார்.

"அப்போ கைத்தடி?" என்றார் டாக்டரம்மா.

"கைத்தடி எங்கயும் போகலை. தூங்கும்போதுகூட அது என் பக்கத்துலதான் கிடக்கும். குடையில கிழிசல் இருந்துச்சான்னு சும்மா கேட்டுப் பார்த்தேன்." மருமகள் பக்கம் திரும்பினார். "இதுக்கும் நீ ஆமான்னு சொல்லியிருந்தா ஒண்ணையும் நம்பியிருக்க மாட்டேன். கையெழுத்துப் போடாம எழுந்து போயிருப்பேன்."

டாக்டரம்மா முறைக்கு ஒரு ஞாபகச் சோதனையும் வைத்தார். கேட்ட எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் வந்தது. மேஜையில் இருந்த நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழிக்கவில்லை என்று அவரே டாக்டரம்மாவுக்குச் சொன்னார். தேதி குறித்தாயிற்று.

கையெழுத்துப் போட்டு முடித்தபிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "நான் ரொம்பப் பயந்துட்டேன்மா. தினம் படுக்கப் போறப்போ பயம். காலையில எழுந்தா உங்க ரெண்டு பேரையும் அடையாளம் தெரியுமான்னு பயம்."

"தப்புதான் மாமா. மன்னிச்சிடுங்க."

"நேரா சொல்லியிருந்தா நான் நடந்திருக்க மாட்டேன், அதுவும் நிஜம்தான். இருந்தாலும் சொல்லியிருக்கணும். சண்டை போட்டாவது சொல்லியிருக்கணும்." சொல்லிவிட்டுக் கைத்தடியை ஊன்றி, யார் தோளையும் பிடிக்காமல் எழுந்து வெளியே போனார்.

அவள் மூக்கைச் சிந்தி, பிசியோதெரபிப் பெண்ணிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டு, கைப்பையை எடுத்தாள். மேஜைமேல் வைத்த கார் சாவியைக் காணோம். பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். டாக்டரம்மா வாசல் பக்கம் பேனாவை நீட்டினார்.

நீளமான வராந்தாவின் அந்தக் கோடியில், கண்ணாடிக் கதவோரம் மாமனார் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தடி, மறு கை விரலில் சாவி.

"மாமா! சாவியைச் சொல்லாம எடுக்கலாமா?"

"சொல்லிட்டுத்தான் எடுத்தேன், டாக்டரம்மாகிட்ட" என்றார் அங்கிருந்தபடியே, வராந்தா முழுக்கக் கேட்கும் குரலில். "மெதுவா நடந்து வாம்மா. நான் எங்கயும் தொலைஞ்சு போகமாட்டேன்."